ஏசாயா 27:1 சொல்லும் லிவியாதான் யார்? தீர்க்கதரிசனத்தை எப்படி வாசிப்பது?

பாலாற்றங்கரை (காட்பாடி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் ஏசாயா 24 முதல் 27 வரையுள்ள அதிகாரங்களை வாசித்துவருகிறோம். 27-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் தமது பெரிய பட்டயத்தால் லிவியாதான் என்னும் நீண்ட பாம்பையும் கோணலான சர்ப்பத்தையும் தண்டித்து, சமுத்திரத்தில் இருக்கிற வலுசர்ப்பத்தைக் கொன்றுபோடுவார் என்று வாசித்தவுடன் வகுப்பில் இரண்டு கருத்துகள் எழுந்தன. சிலர், ஒரு கன்வென்ஷன் மேடையில் உலக வரைபடத்தை விரித்துவைத்து, நீண்ட பாம்பு இந்த நாடு, கோணல் சர்ப்பம் அந்த நாடு என்று விளக்கப்பட்டதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். வேறு சிலர், லிவியாதான் என்பது ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் புகுந்துகொள்ளும் ஒரு பெருமையின் ஆவி என்றும், அதைப் பெயர்சொல்லித் துரத்த வேண்டும் என்றும் ஒரு ஜெபக்கூட்டத்தில் கற்றிருந்தார்கள்.

இந்த இரண்டு விளக்கங்களும் வசனத்தின் எடையைத் தாங்கவில்லை என்பது என் எண்ணம். வேதாகமம் இந்த மிருகத்தைப் பற்றி ஒரே குரலில் பேசுவதில்லை. 74-ஆம் சங்கீதத்தில் தேவன் ஆதியில் சமுத்திரத்தைப் பிளந்து அதன் தலைகளை நசுக்கிவிட்டார். 104-ஆம் சங்கீதத்தில் அதே மிருகம், கப்பல்கள் ஓடுகிற கடலில் விளையாடும்படி தேவனாலே உண்டாக்கப்பட்டு, மற்ற ஜீவன்களோடு சேர்ந்து ஏற்ற வேளையில் ஆகாரத்துக்காக அவரை நோக்கிக் காத்திருக்கிறது. யோபு 41-இல் தேவன் அதன் செதில்களையும் பற்களையும் மூச்சையும் ஒரு சிற்பி தன் வேலையை விவரிப்பதுபோல் விவரிக்கிறார். அங்கே யுத்தமே இல்லை. ஏசாயாவிலோ அது இனிமேல்தான் கொல்லப்படவேண்டும். தோற்கடிக்கப்பட்டது, விளையாடிக்கொண்டிருக்கிறது, இனி அழிக்கப்படும் என்கிற இந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளாத எந்த வியாக்கியானமும் பாதி வியாக்கியானம்தான். ஆகையால் வசனத்தை ஒரு நாட்டின் பெயரோடு முடிச்சுப்போடுவதற்குமுன், முந்தின தலைமுறைகள் இதை எப்படி வாசித்தன என்று பார்ப்பது நல்லது. அறிந்தவர்கள் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தம் சுவிசேஷகன்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். தாங்கள் சொல்லுகிற எச்சரிப்பை மதிக்கிறேன்; ஆனாலும் தீர்க்கதரிசனத்தைத் தீர்க்கதரிசனமாகவே வாசிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாயிருக்கிறேன்.

ஏசாயா 26-இன் கடைசி வசனங்களில் கர்த்தர் பூமியின் குடிகளுடைய அக்கிரமத்தை விசாரிக்கும்படி தம்முடைய ஸ்தானத்திலிருந்து புறப்பட்டு வருகிறார்; அதை அடுத்தே "அக்காலத்திலே" என்று 27:1 தொடங்குகிறது. ஆகவே இது பழைய எகிப்தோடு முடிந்துபோன காரியம் அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் ஏழு தலைகளுள்ள வலுசர்ப்பம் வானத்திலிருந்து தள்ளப்படுகிறது. 13-ஆம் அதிகாரத்தில் ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளுமுள்ள மிருகம் சமுத்திரத்திலிருந்து எழும்புகிறது. 20-ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் கட்டப்பட்டு, பின்பு அக்கினிக்கடலிலே தள்ளப்படுகிறது. 74-ஆம் சங்கீதத்தில் லிவியாதானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைகள் இருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். ஏசாயா கண்ட சர்ப்பமும் யோவான் கண்ட வலுசர்ப்பமும் ஒன்றே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சமுத்திரத்திலிருந்து எழும்பும் மிருகம் ஒரு ராஜ்யம், அதற்கு ஒரு ராஜா உண்டு, அவன் கிறிஸ்துவுக்கு விரோதமாய் எழும்பும் அந்திக்கிறிஸ்து. இது வரப்போகிற காரியம்.

வானத்தின் தோற்றத்தை நிதானிக்க அறிந்தவர்கள் காலங்களின் அடையாளங்களை நிதானிக்க அறியவில்லையே என்று ஆண்டவர் மத்தேயு 16-இல் கடிந்துகொண்டார். காவற்காரன் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமற்போனால் இரத்தப்பழி அவன்மேல் சுமரும் என்று எசேக்கியேல் 33 சொல்லுகிறது. பெயர் சொல்லக் கூசுகிற பிரசங்கத்தினால் சபை தூங்கிப்போகும் என்பதே என் பயம்.

ஆம்பூர் லுத்தரன்

தம்பி குடியாத்தம் எழுதியதில் ஒரு பெரிய உண்மை உண்டு. ஏசாயாவின் சர்ப்பமும் யோவானின் வலுசர்ப்பமும் ஒரே வரிசையில் வருகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. சீர்திருத்தவாதி கால்வின்கூட, இந்த வசனம் எகிப்தின் அரசனுக்குப் பொருந்தினாலும் அவனோடு நில்லாமல் சாத்தானையும் அவனுடைய ராஜ்யம் முழுவதையும் குறிக்கிறது என்றுதான் எழுதினார். ஆனால் பெயர் சூட்டுகிற வழக்கத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

யூதர்களுடைய பழைய அரமேய வியாக்கியானமாகிய தர்கூம், இந்த வசனத்தில் பார்வோனைப்போல் தன்னை உயர்த்தின ராஜாவையும் சனகெரிபைப்போல் பெருமைகொண்ட ராஜாவையும் கண்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பிரான்ஸ் டெலிட்ச், வேகமாய் நேராக ஓடும் டைகிரிஸ் நதியை நீண்ட பாம்பாகவும், வளைந்து வளைந்து ஓடும் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதியைக் கோணல் சர்ப்பமாகவும் எண்ணி, அசீரியா, பாபிலோன், எகிப்து என்று மூன்று பேரரசுகளைக் கண்டார். இவ்விருவரும் தீர்க்கதரிசி வாழ்ந்த உலகத்துக்குள்ளேயே தேடினார்கள். அதில் குறை இல்லை.

தங்கள் சொந்தக் காலத்துக்குள் தேடினவர்களுக்கு நேர்ந்தது வேறு. தெற்கு இத்தாலியைச் சேர்ந்த துறவி யோவாக்கீம், 1202-இல் மரித்தவர், வலுசர்ப்பத்தின் ஏழு தலைகளுக்கும் பெயர் எழுதிச் சித்திரமே வரையவைத்தார். ஏரோது ஒரு தலை, நீரோ ஒரு தலை. ஆறாவது தலை எருசலேமைப் பிடித்த சுல்தான் சலாதீன். ஏழாவது தலையாகிய அந்திக்கிறிஸ்து சீக்கிரத்தில் வருவான் என்று அவர் எதிர்பார்த்தார். சலாதீன் 1193-இலேயே இறந்துவிட்டார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. எங்கள் பிதாக்களும் இதற்கு விலக்கல்ல. 1536-இன் கடைசியில் எழுதப்பட்ட ஸ்மால்கால்ட் விதிகளில் போப்பு அந்திக்கிறிஸ்து என்று லுத்தரே எழுதினார், எங்கள் சபை அறிக்கைகளின் தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. 1999-இல் லுத்தரன் உலக சம்மேளனமும் ரோமன் கத்தோலிக்க சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஒரே அறிக்கையில் கையொப்பமிட்டபோது, அந்தப் பழைய பெயர்சூட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களில் பலர் யோசிக்க நேர்ந்தது.

இதற்கெல்லாம் வெகு முன்பே, இரண்டாம் நூற்றாண்டில், லியோன் நகரத்து ஆயர் ஐரேனியஸ் மிருகத்தின் இலக்கமாகிய 666-க்குப் பொருந்தக்கூடிய சில பெயர்களைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டு, இவற்றில் எதையும் உறுதியாகச் சொல்வதைவிடத் தீர்க்கதரிசனம் நிறைவேறும்வரை காத்திருப்பதே பாதுகாப்பானது என்று எழுதிவைத்தார். அவர் யோவானின் சீஷராகிய பாலிகார்ப்பைச் சிறுவயதில் நேரில் கேட்டவர். அவரைவிட நாம் அவசரப்படவேண்டிய காரணம் என்ன?

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் நாம் முஸ்லிம் குடும்பங்களின் அண்டையில் வாழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்த மேடைப் பிரசங்கங்களைக் கேட்க வேண்டும். வரைபடத்தில் எங்கோ தூரத்து நாட்டைக் காட்டினாலும், கேட்கிறவன் வீடு திரும்பும்போது அடுத்த தெருவில் இருக்கிறவனைத்தான் பார்க்கிறான்.

ஆரணி கத்தோலிக்கன்

லுத்தரன் பெரியவரின் நேர்மைக்கு நன்றி. எங்கள் மரபிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதுவரை பேசப்பட்டது எல்லாம் லிவியத்தான் எந்த அரசு என்பதைப் பற்றியே இருக்கிறது. திருச்சபைத் தந்தையர் அதிகமாகக் கேட்ட கேள்வியோ, ஆண்டவர் அதை எங்கே, எப்படி வென்றார் என்பதுதான்.

எருசலேம் ஆயர் சிரில், 350-ஆம் ஆண்டையொட்டித் திருமுழுக்குப் பெற ஆயத்தமாகிறவர்களுக்குக் கொடுத்த மறையுரை ஒன்றில், யோபு நூல் சொல்லும் பறவைநாகம் (வலுசர்ப்பம்) தண்ணீருக்குள் பதுங்கியிருந்தது என்றும், அதன் தலைகளை நசுக்கவே இயேசு யோர்தானுக்குள் இறங்கி வலியவனைக் கட்டினார் என்றும் கற்பித்தார். கீழைத் திருச்சபைகளில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவன்று தண்ணீரை மந்திரிக்கும் மன்றாட்டில் இந்த எண்ணம் இன்றும் ஓதப்படுகிறது. ஆகவே ஒருவர் திருமுழுக்குத் தொட்டியண்டை நிற்கும்போதே எசாயாவின் வாள் அவருக்காக ஒருமுறை வீசப்பட்டுவிட்டது.

மற்றொன்று தூண்டில். யோபு 41-இல் கடவுள், லிவியத்தானைத் தூண்டிலால் பிடிக்க உன்னால் முடியுமா என்று கேட்கிறார். யோபால் முடியாது. அப்படியானால் யாரால் முடியும் என்று தந்தையர் யோசித்தார்கள். நான்காம் நூற்றாண்டில் நிசா நகர கிரகோரியார் சொன்ன விளக்கத்தை, 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் தம் யோபு விரிவுரையில் முழுமையாக வளர்த்தெடுத்தார். கிறிஸ்துவின் மனிதத்தன்மை இரை. அதற்குள் மறைந்திருந்த இறைத்தன்மை முள். சாவு என்னும் கடல்விலங்கு, தனக்கு உரிமையில்லாத ஒருவரை மற்ற மனிதரைப்போல எண்ணி விழுங்கியது. அந்த முள்ளிலேயே மாட்டிக்கொண்டு, முன்பு விழுங்கியவர்களையும் விட்டுவிட நேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்சாஸ் நாட்டுத் துறவுமடத் தலைவி ஹெர்ராத் தொகுத்த சித்திர நூலில், தந்தையாம் கடவுள் தூண்டில் பிடித்திருக்க, அதன் நுனியில் சிலுவை இருக்க, லிவியத்தான் அதைக் கவ்வியிருக்கும் படமே இருந்தது.

கடவுள் சாத்தானை ஏமாற்றினார் என்று சொல்வது தகுமா என்று பின்வந்த இறையியலாளர் பலர் இந்த உவமையைத் தள்ளினார்கள். அந்த மறுப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் விலங்கின் பேராசையே அதன் முடிவாகிறது என்கிற பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. உரோமை நகரத்து நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் யோனாவை விழுங்கும் மீனை முதல் கிறிஸ்தவர்கள் சுருண்ட வாலுள்ள கடற்பூதமாக வரைந்திருக்கிறார்கள். செத்தவர்களைப் புதைத்த இடத்திலேயே, மூன்றாம் நாள் கக்கிவிட வேண்டிய விலங்கு என்று சாவைச் சித்திரித்தார்கள்.

சத்துவாச்சாரி செவிலி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இறையியல் படித்தவள் அல்ல, ஆனாலும் பாலாற்றங்கரை ஐயா முதலில் குறிப்பிட்ட அந்த இரண்டாவது போதனையை யாரும் தொடாமல் கடந்துபோகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவமனை வார்டில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளிடம் இந்தப் போதனை என்ன செய்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதுகுத்தண்டு வலியோடு வந்த ஒரு தாயிடம், உன் முதுகைச் சுற்றியிருப்பது லிவியாதான் ஆவி, அதனால்தான் ஜெபிக்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறது, உன் பெருமையே அதற்குக் கதவைத் திறந்தது என்று ஒரு ஜெபக்குழுவினர் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா வீடுவீடாய்ப் பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். எந்தப் பெருமையை அறிக்கையிடுவது என்று தெரியாமல் அழுதார். மாத்திரையைச் சாப்பிட்டால் விசுவாசக் குறைவாகுமோ என்று நிறுத்தியும் இருந்தார்.

யோபு 41-இன் கடைசி வசனம் லிவியாதானை அகங்காரமுள்ள ஜீவன்களுக்கெல்லாம் ராஜா என்று சொல்கிறது என்பதைத்தான் இவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது? சாம்பலில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் பருக்களோடு, பிள்ளைகளை இழந்த ஒருவரிடம். அவருக்குள் லிவியாதான் இருக்கிறது என்று தேவன் சொல்லவில்லையே. உன் வியாதிக்குக் காரணம் உன் பாவம் என்று சொன்னவர்கள் அந்த மூன்று சிநேகிதர்கள்தான். அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே கோபப்படுகிறார். அந்த மூவரின் பேச்சை எடுத்து, தேவனுடைய பேச்சிலிருந்து ஒரு பெயரை அதற்கு ஒட்டி, வியாதிக்காரரிடம் கொண்டுபோவது எனக்குத் தாங்கமுடியாத காரியமாக இருக்கிறது.

குடியாத்தம் சுவிசேஷகன்

சகோதரி, அசுத்த ஆவிகளிலிருந்து விடுதலை உண்டு என்று நான் விசுவாசிக்கிறேன். அந்த ஊழியத்தைச் செய்தும் வருகிறேன். ஆயினும் லிவியாதான் என்ற பெயரில் ஓர் ஆவியைச் சுவிசேஷங்களிலோ அப்போஸ்தலருடைய நடபடிகளிலோ ஆண்டவராவது அப்போஸ்தலராவது துரத்தியதாக ஒரு வசனமும் இல்லை. வேதம் சொல்லாததை வியாதிப்படுக்கையில் சொல்லக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். வைத்தியனாகிய லூக்காவும் பவுலோடு கூடவே பயணம் செய்தார்.

என் கேள்வி வேறு. வேதாகமக் கல்லூரியில் படிக்கும் ஒரு வாலிபன், லிவியாதான் கானானியருடைய புராணத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஆகவே ஏசாயா 27:1 தீர்க்கதரிசனமே அல்ல, பழங்கதை என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் பேசினான். பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை (காட்பாடி)

இந்தக் கேள்வியைப் பயப்படாமல் எதிர்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த வாலிபன் சொன்ன செய்தியில் உண்மை உண்டு. அவன் அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது.

சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற மேட்டுக்கு அருகே 1928-இல் ஓர் உழவரின் கலப்பையில் ஒரு கல்லறையின் கல் தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு கிளாட் ஷேஃபர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே அகழ்வாராய்ச்சியைத் தொடங்கியபோது உகரித் என்ற பழைய நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிவந்தன. அந்த நகரம் கி.மு. 1200-ஐ ஒட்டி அழிந்துபோனது. ஏசாயாவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன். அந்தப் பலகைகளில் ஒன்றில் பாகால் தேவன் லித்தான் என்னும் ஓடுகிற பாம்பை, சுருண்ட பாம்பை, ஏழு தலைகளுள்ள வல்லவனை வெட்டியதாக எழுதியிருக்கிறது. ஏசாயா 27:1-க்கும் இந்த வரிகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது என்று யாரும் இன்று வாதாடுவதில்லை. உகரித்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1895-இல், ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மானிய அறிஞர், ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம்வரை ஓடும் ஒரு கடற்போர்க் கதையைச் சுட்டிக்காட்டியிருந்தார். அவர் அதன் மூலத்தைப் பாபிலோனில் தேடினார், ஆனால் அது இஸ்ரவேலின் வாசற்படியிலேயே கிடைத்தது.

இப்போது ஏசாயா என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஊரார் அனைவரும் பாகால் வென்றான், வென்றுவிட்டான், ஆகவே மழை பெய்கிறது என்று பாடிக்கொண்டிருந்த பாட்டை எடுத்து, வெற்றியைப் பாகாலிடமிருந்து பறித்துக் கர்த்தருக்குக் கொடுக்கிறார். அதோடு, நடந்து முடிந்தது என்று அவர்கள் சொன்னதை, இன்னும் நடக்கவில்லை, நடக்கப்போகிறது என்று மாற்றுகிறார். புராணம் பின்னோக்கிப் பார்த்தது. தீர்க்கதரிசி அதே வரிகளை முன்னோக்கித் திருப்பினார். அசீரியாவின் கீழே நசுங்கிக்கிடந்த ஜனத்திடம், ஆதியில் எல்லாம் சரியாக்கப்பட்டுவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சர்ப்பம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற குரல்தான் ஆறுதல் சொல்லத் தகுதியுள்ளது. இதைத் தீர்க்கதரிசனம் அல்ல என்று சொல்லிவிட்டால் வேறு எதைத் தீர்க்கதரிசனம் என்பது?

யோபு 41 இன்னும் தைரியமாகப் போகிறது. அங்கே லிவியாதான் கர்த்தருக்கு எதிரியே அல்ல, அவருடைய கைவேலை. பதினேழாம் நூற்றாண்டில் சாமுவேல் போஷார் என்பவர் அது நைல் நதியின் முதலை என்று விரிவாக வாதிட்டார். வேலூர் கோட்டை அகழியில் முற்காலத்தில் முதலைகள் கிடந்தன என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த விளக்கம் எளிதில் பிடித்துப்போகும். ஆனால் வாயிலிருந்து அக்கினிப்பொறிகள் பறக்கிற முதலை எங்கும் இல்லை. கவிஞர் முதலையின் உடம்பை எடுத்து அதைவிடப் பெரிய ஒன்றைக் காட்டுகிறார். அப்படிப்பட்டதைப் படைத்தவர் அதைக்கண்டு பயப்படுவதில்லை. ஆகவே யோபுவும் அதைப் படைத்தவரிடத்தில் தன் துக்கத்தோடு நிற்கலாம். இதோடு வெளிப்படுத்தின விசேஷம் 13:4-ஐச் சேர்த்து வாசியுங்கள். பூமியின்மேல் லிவியாதானுக்கு ஒப்பானது ஒன்றுமில்லை என்று யோபுவில் தேவன் சொன்னதை, மிருகத்துக்கு ஒப்பானவன் யார், அதோடே யுத்தம்பண்ணத்தக்கவன் யார் என்று அங்கே ஜனங்கள் மிருகத்தை வணங்கிச் சொல்லுகிறார்கள். படைக்கப்பட்ட பலத்தைப் படைத்தவருடைய ஸ்தானத்தில் வைக்கிற அந்த நிமிஷத்தில்தான் ஏசாயாவின் பட்டயத்துக்கு வேலை வருகிறது.

நவல்பூர் சகோதரி (ராணிப்பேட்டை)

ஐயா கடைசியாக எழுதிய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே நான் தொடர்கிறேன். எசேக்கியேல் 29-ஐ இதுவரை யாரும் முழுமையாக எடுக்கவில்லை. அங்கே கர்த்தர் பார்வோனை நதிகளின் நடுவிலே படுத்திருக்கிற பெரிய முதலை என்று அழைக்கிறார். அவனுடைய குற்றமாக அவர் சுமத்துகிற முதல் காரியம், "என் நதி என்னுடையது, நான் அதை எனக்காக உண்டுபண்ணினேன்" என்று அவன் சொன்னது. யோபு 41-இல் லிவியாதானைப் பற்றிப் பேசும்போதே கர்த்தர், வானத்தின் கீழுள்ளவைகள் எல்லாம் என்னுடையவைகள் என்கிறார். இந்த இரண்டு "என்னுடையது" என்னும் சொற்களுக்கும் நடுவிலேதான் தீர்க்கதரிசனத்தின் வழக்கு நடக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பாலாற்றின் கரையில் வாழ்கிறவர்கள் இந்த அதிகாரத்தை வேறு தேசத்துக் கதையாக வாசிக்க முடியாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்கவேண்டும் என்பதை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியாக அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் நம் ஊரின் பெயரை அந்தத் தீர்ப்பின் மூலமாக அறிவார்கள். அதற்குப் பின்பும் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எங்கள் ஊரில் மூடப்பட்ட ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்துகிடப்பதை எல்லாரும் அறிவோம்.

எசேக்கியேல் 32-இல் அதே பார்வோன் தன் கால்களால் தண்ணீரைக் கலக்கி ஆறுகளைக் குழப்பினான் என்றும் குற்றஞ்சாட்டப்படுகிறான். அந்திக்கிறிஸ்து எந்த நாட்டில் பிறப்பான் என்று மேடையில் கேட்கிற நாம், நம்முடைய ஆற்றை யார் தன்னுடையது என்று சொன்னார்கள் என்று கேட்காமல் விடுவது ஏன்? குடியாத்தம் அண்ணன் சொன்ன காவற்காரனுக்கு இதுவும் எக்காளம் ஊதவேண்டிய காரியம் அல்லவா?

ஆம்பூர் லுத்தரன்

மகளே, எசேக்கியேலை நீ வாசித்த விதம் சரி. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த ஊர்களில் தோல் தொழிலால் சாப்பிடுகிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; எங்கள் சபையிலேயே பாதிப்பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். தேசத்தின் பெயரைச் சூட்டவேண்டாம் என்று நானே எழுதிவிட்டு, தொழிலுக்கோ முதலாளிக்கோ லிவியாதான் என்று பெயரிடுவதை மட்டும் எப்படி ஏற்பேன்? இங்கேயும் அதே ஆபத்து இல்லையா?

பாலாற்றங்கரை (காட்பாடி)

பெரியவரின் கேள்விதான் இந்த விவாதத்தின் நடுமையம் என்று நினைக்கிறேன்.

வேதாகமம் பெயர் சொல்லத்தான் செய்கிறது. ராகாப் என்னும் கடல் மிருகத்தின் பெயரை ஏசாயா 30-ஆம் அதிகாரம் எகிப்துக்கு நேரடியாகவே சூட்டுகிறது. எரேமியா 51-இல் நேபுகாத்நேச்சார் வலுசர்ப்பத்தைப்போல எருசலேமை விழுங்கினான் என்று வருகிறது. ஆகவே பெயர் சொல்வதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். நவல்பூர் சகோதரி செய்தது, ஒரு குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்டு அதைத் தீர்க்கதரிசியின் வார்த்தையால் அளந்தது. தீர்க்கதரிசிகளும் அதையே செய்தார்கள். கன்வென்ஷன் மேடையில் நடந்தது, செயலைச் சொல்லாமல் ஒரு ஜனத்தையே மிருகமாக்கியது.

அந்த வேறுபாட்டை நான் என் யோசனையிலிருந்து சொல்லவில்லை. 87-ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்திலிருந்து சொல்லுகிறேன். சீயோனில் பிறந்தவர்களின் பேர்வழி (பெயர்ப்பட்டியல்) எழுதப்படுகிற சங்கீதம் அது. அதில் கர்த்தர், என்னை அறிந்தவர்களுக்குள்ளே ராகாபையும் பாபிலோனையும் குறித்துப் பேசுவேன் என்கிறார். பெலிஸ்தியரும் தீருவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. யாரை வெட்டினார் என்று ஏசாயா 51 பாடுகிறதோ அந்த ராகாபின் பெயரையே தாங்கின தேசம், இங்கே சீயோனின் குடிமக்களோடு எண்ணப்படுகிறது. ஏசாயா 19-ஆம் அதிகாரத்தின் முடிவிலும் எகிப்து "என் ஜனம்" என்றும் அசீரியா "என் கரத்தின் கிரியை" என்றும் ஆசீர்வாதம் பெறுகின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும் 27-ஆம் அதிகாரமே பெரிய எக்காளம் ஊதப்பட, அசீரியாவிலே சிதறுண்டவர்களும் எகிப்திலே துரத்துண்டவர்களும் எருசலேமுக்கு வருவதோடுதான் முடிகிறது.

பட்டயம் விழுகிறது ராகாபின் அகந்தையின்மேல். ராகாபின் பிள்ளைகளோ பேர்வழியில் எழுதப்படுகிறார்கள். ஆகையால் ஷூ கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளையும், ஏன், முதலாளியையும் மிருகம் என்று நான் எழுதமாட்டேன். நதி என்னுடையது என்கிற வார்த்தையை அவர் விட்டுவிடவேண்டும் என்றும், கெடுத்த தண்ணீரைத் திருத்திக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதுவேன். அந்தத் தீர்ப்பு கேட்டதும் அதுதான்.

குடியாத்தம் சுவிசேஷகன்

87-ஆம் சங்கீதத்தை நான் இந்தக் கோணத்தில் பிரசங்கித்ததில்லை. அது என்னை யோசிக்கவைக்கிறது. ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். வெளிப்படுத்தின விசேஷம் 20:10-இல் பிசாசானவன் அக்கினியும் கந்தகமுமான கடலிலே தள்ளப்படுகிறான். அவன் பெயர் எந்தப் பேர்வழியிலும் எழுதப்படுவதில்லை. மிருகமும் அங்கேதான் இருக்கிறது. கடைசியில் ஓர் ஆள், ஓர் ஆட்சி எழும்பும் என்பதை எல்லாவற்றையும் குணங்களாக மாற்றிக் கரைத்துவிடக்கூடாது. 21:1-இல் சமுத்திரமும் இல்லாமற்போகிறது. மிருகம் எழும்பிவர இனி ஓர் இடமே இல்லை என்பதல்லவா அதன் பொருள்?

பாலாற்றங்கரை (காட்பாடி)

தம்பி, அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பத்மு தீவில் இருந்து எழுதிய யோவானுக்கும், ரோம அதிபதிகள் கப்பலில் வந்து இறங்குவதைக் கண்ட ஆசியா நாட்டுச் சபைகளுக்கும், சமுத்திரம் என்றால் மிருகம் வரும் வழி. அந்த வழி அடைக்கப்படும் என்பது அவர்களுக்கு நற்செய்தி. பிசாசின் முடிவைப் பற்றியும் நமக்குள் வேறுபாடு இல்லை. கடைசியில் ஓர் ஆட்சி எழும்புமா என்பதில் நான் உங்களோடு வாதாடவில்லை. அதன் பெயரை இன்றைக்கு எழுதிவைக்க நமக்கு அதிகாரம் இல்லை என்று ஐரேனியஸோடு சேர்ந்து சொல்லுகிறேன், அவ்வளவே.

27:1-ஐப் பிரசங்கிக்கும்போது ஐந்தாம் வசனம்வரை நிறுத்தாமல் வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சர்ப்பம் விழுந்தவுடன் திராட்சத்தோட்டத்தின் பாட்டு தொடங்குகிறது; கர்த்தர் தாமே அதற்கு அடிக்கடி தண்ணீர் பாய்ச்சி இரவும் பகலும் காக்கிறார். ஏசாயா 5-இல் அவர் வேலியைப் பிடுங்கி, மழை பெய்யாதபடி மேகங்களுக்குக் கட்டளையிட்ட அதே தோட்டம் இது. அந்தத் தோட்டத்தில் முட்செடியும் நெரிஞ்சிலும் எழும்பினால் அவைகளை ஏகமாய்க் கொளுத்திவிடுவேன் என்று சொன்ன கையோடு, இல்லாவிட்டால் அவன் என் பெலனைப் பற்றிக்கொண்டு என்னோடே ஒப்புரவாகட்டும் என்கிறார். எங்கள் வகுப்பில் வரும் ஞாயிறன்று ஆராதனைக்குப்பின் இந்த ஐந்து வசனங்களை ஏசாயா 5:1-7-உடன் சேர்த்து வாசிக்கிறோம். நவல்பூர் சகோதரியும் சத்துவாச்சாரி சகோதரியும் வந்து, இங்கே எழுதியதை எங்கள் வகுப்பாருக்கும் சொன்னால் மகிழ்வோம். குடியாத்தம் தம்பிக்கும் நேரம் இருந்தால், வெளிப்படுத்தின விசேஷம் 12-ஐ அவரே நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.